சிரிக்கச் சொல்லாத காட்சி

சேசு மரி சூசை துணை

பாபநாசம்,
ஐப்பசி மழை நாள்.

அன்புத் தம்பி ஜோசப்ராஜுக்கு, அக்கா அருள்செல்வி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் மச்சானும் ஜாய்ஸும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா வரவில்லை. போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேங்க்கா" என்று வைத்துவிடுகிறாய். உன் வக்கீல் அனுப்பிய தாளை எப்படியும் கூரியரில் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதால், கூடவே இதையும் வைக்கிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது பார்.

சம்பா நட்டாயிற்று. நாலு நாளாக விடாத மழை, வயலில் தண்ணீர் நிற்கிறது. மச்சான் காலையில் போய் வடித்துவிட்டு வருகிறார். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டுதான் போகிறார்.

அந்த முகத்தோடு அவர் இருபத்தாறு வருடம் வாழ்ந்தார். தலைவரின் அச்சு அசல் என்று கட்சிக்காரர் குஞ்சிதபாதம் அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்து மேடை ஏற்றினார். அன்றிலிருந்து திருவையாறு முதல் குத்தாலம் வரை எந்தக் கூட்டம் என்றாலும், கரை வேட்டியும் துண்டுமாக வேனில் நின்று கை காட்டுவது உன் மச்சான்தான். நடவு நடும் பெண்கள் "தலைவரே, தண்ணி எப்ப வரும்?" என்று கேலி பேசுவார்கள். இவரும் உண்மையான தலைவர் மாதிரி போய், மதகு பார்க்கும் லஸ்கரிடம் மன்றாடி, திறக்க வைத்துவிட்டு வருவார். முகத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது செல்வி, அதைக் கெடுக்கக் கூடாது என்பார். நான் சிரிப்பேன்.

இப்போது உன் படத்தில் அந்த முகத்தைச் சுட்டுவிட்டாய்.

தலைவர் ஓய்வெடுக்கிற காட்சி, கண்ணை மூடிப் படுத்தால் போதும் மச்சான் என்றாயாம். இவர் படுத்தார். எழுந்தபோது லைட்மேன் சிங்காரவேலு ஓடி வந்து, "ஐயா, கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிச்சிட்டுப் போங்கய்யா" என்றாராம். நீ அவர் மேல் சீறி விழுந்து, மச்சானைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டாய். தூங்கி எழுந்தவனை ஏன் சிரிக்கச் சொன்னார் என்று இவர் வீட்டுக்கு வந்து அதையே வேடிக்கையாகச் சொன்னார்.

டிரெய்லரில் தலைவர் சுடப்பட்டுக் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. பிணமாக நடித்தவரை எழுப்பிச் சிரிக்க வைத்து, அதையும் படம் பிடிப்பது உங்கள் வழக்கமாமே. சாவு அங்கேயே கழியட்டும் என்று. சிரிக்கச் சொன்னால் இவருக்கு விஷயம் தெரிந்துவிடும். அதனால் அந்தச் சாவை இவர் மேலேயே விட்டு அனுப்பிவிட்டாய்.

ரத்தம் கம்ப்யூட்டரில் போட்டதாம். இருக்கட்டும். ஜாய்ஸுக்கு அவள் அப்பா சாகிறதைக் காலேஜில் பதினோரு பேர் அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ரெண்டு பையன்கள் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கை தட்டினார்கள். பால் வாங்கப் போன நான் வாங்காமலே வந்தேன்.

"இது கற்பனை, கலைஞனுக்குச் சுதந்திரம் வேண்டும்" என்று பேட்டியில் சொன்னாய். வேண்டும்தான். தலைவர் மேல் எங்களுக்கு மட்டும் கோபம் இல்லையா? போன வருடம் கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல் நனைந்து முளைத்தபோது இந்த வாயால்தான் அவரைச் சபித்தேன். திட்டிப் படம் எடு, தோற்கடிப்பது போல எடு, முதல் ஆளாக வந்து பார்க்கிறேன். உயிரோடிருக்கிற மனுஷனைச் சுடுவதுதான் உனக்குக் கற்பனை என்றால், அதற்கு உன் உடம்பைக் கொடுத்திருக்கலாமே. என் புருஷன்தான் கிடைத்தாரா?

குஞ்சிதபாதம் அண்ணனே ஆட்களைக் கூட்டி வந்து எங்கள் வாசலில் கொடும்பாவி கொளுத்தினார். அந்தக் கூத்தையும் கேள். வைக்கோல் பொம்மைக்கு மச்சான் போட்டோவை ஒட்டினார்கள். தள்ளி நின்று பார்த்தால் சாட்சாத் தலைவர்! "டேய், கிழிங்கடா அதை! நாமளே தலைவரைக் கொளுத்துனதா பேப்பர்ல போட்டுருவான்" என்று அண்ணன் கத்தினார். கடைசியில் ஒரு கரிச்சட்டியைக் கவிழ்த்து, முகம் இல்லாமலே கொளுத்தினார்கள். மச்சான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் வேளாங்கண்ணிக்குப் போய் முடியையும் மீசையையும் எடுத்துவிட்டு வந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருடைய சொந்த முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாவமான முகம்டா அது.

இனி உன் தாள் விஷயம். "காட்சியின் முழு விவரமும் தெரிந்தே நடித்தேன்" என்று அவர் கையெழுத்துப் போட்டால் படத்தைத் தடுக்கக் கோர்ட்டில் போட்டிருக்கிற வழக்கில் வழி பிறக்கும் என்று வக்கீல் எழுதியிருக்கிறார். போட்டால் இந்த ஊரில் அவர் ஆயுசுக்கும் துரோகி. நான் அடுப்பில் வைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் போடலன்னா அவன் எங்க போவான் செல்வி? உன் தம்பிதானே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தாள் இதோடு இருக்கிறது. அதில் எழுதியிருப்பது பொய் என்று உனக்கும் எங்களுக்கும் சிங்காரவேலுவுக்கும் தெரியும். கோர்ட்டில் கொடு, கிழித்துப் போடு, உன் மனசாட்சி.

எனக்கு வேண்டியது வேறு. மத்தியானம் வயலிலிருந்து வந்து அவர் கண்ணை மூடிச் சாய்ந்தால் எனக்கு உன் படம்தான் தெரிகிறது. பக்கத்தில் போய் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். ஒரு நாள் கண்ணைத் திறந்து, "இன்னும் சாகல" என்றார். சொல்லும்போது சிரிக்கவில்லை. அவர் சிரித்தே இரண்டு மாதம் ஆகிறது.

ஒரு தடவை வா. தெரிந்தேதான் ஏமாற்றினேன் மச்சான் என்று உன் வாயால் சொல். பிறகு பெரிய கேமரா எல்லாம் வேண்டாம், உன் போன் போதும். அவரைக் கட்டிலிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லி, ஒரே ஒரு தடவை சிரிக்கச் சொல். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், முடியவில்லை. நீ சொன்னால் செய்வார். அன்றைக்கும் நீ சொன்னாய் என்றுதான் கண்ணை மூடினார்.

ஆரோக்கிய மாதா உன்னைக் கைவிடாதிருக்கட்டும்.

கோபம் தீராமலே உனக்காகச் செபமாலை சொல்லும்,
உன் அக்கா
அருள்செல்வி மதலைமுத்து