கிஷன் வாயில் தாத்தாவின் குரல்

அன்பு மகள் மலர்க்கொடிக்கு,

குருபோங்கிலிருந்து அப்பா எழுதுறேன். நானும் அம்மாவும் தம்பி கிஷனும் ஆத்தா புண்ணியத்துல நடமாட்டத்தோட இருக்கோம். நீயும் அயர்லாந்து குளிருல நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்ப ஒழுங்காப் பார்த்துக்கணும்னு அம்மா தினமும் விளக்கு ஏத்துறப்ப உன் பேரச் சொல்லித்தான் ஏத்துறா. இங்க ரெண்டு வாரமா நல்ல மழை, பின்னால இருக்கிற கால்வாய் நிறைஞ்சு ஓடுது, எதிர்வீட்டு வடிவேலு அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. வாட்சப் இருக்கிறப்ப அப்பா ஏன் பேப்பரும் பேனாவுமா உக்காந்திருக்கார்னு நினைப்ப. இதை நான் பாக்டரி கேண்டீன்ல உக்காந்து எழுதுறேன். வீட்ல போன்ல பேசினா கிஷன் காதுல விழும், அவன் காதுல விழுந்தது அப்படியே திரும்பி வரும்மா, அதான் சங்கதி. முழுசாப் படி, பாதியில பயந்து போன் பண்ணிடாத.

தாத்தா கருமாதி முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பி ஹெல்மெட்ட மாட்டுறேன், பின்னாலிருந்து மணியம், எங்கடா கெளம்பிட்ட, மழ வருதுடான்னு ஒரு குரல். எங்க அப்பா குரல். எங்கடாவுக்கும் கெளம்பிட்டவுக்கும் நடுவுல அவர் இருமுவாரே, அந்த இருமலும் இருந்தது. திரும்பிப் பார்த்தா கிரில் கதவுகிட்ட கிஷன் மட்டும்தான் உக்காந்து செருப்பையெல்லாம் வரிசையா அடுக்கிக்கிட்டிருக்கான், என்னைப் பார்க்கவே இல்ல. மறுபடியும் அவன் வாய் அசைஞ்சது, மறுபடியும் அதே குரல் வந்தது. அம்மா கையில இருந்த தட்டு கீழ விழுந்து உடைஞ்சது, அந்தச் சத்தத்துக்கும் அவன் தலையத் தூக்கல. அம்மா, அப்பா, பால், சோறுன்னு ஒரு வார்த்தை தானாச் சொல்லத் தெரியாத பிள்ளை, எழுபத்தெட்டு வயசுக் கிழவனோட தொண்டையில, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுது. அன்னிக்கு நான் வேலைக்குப் போகவே இல்ல.

அதுக்கப்புறம் அடிக்கடி வந்தது. ஒருநாள் துணி மடிச்சுக்கிட்டிருந்த அம்மா, தோள் பக்கமா தாத்தா குரல்ல, கோப்பி ஆறிப்போச்சு ஈஸ்வரின்னு தன் பேர் கேட்டு எழுந்தே ஓடிட்டா. தாத்தா படத்துக்கு முன்னால காலையும் சாயங்காலமும் சூடாக் கோப்பி வைக்க ஆரம்பிச்சா. உன் ரங்கசாமி மாமா வந்தார், கேட்டார், நெத்தியில கைய வெச்சுக்கிட்டு, பெரியவர்தான் பிள்ளை மேல இறங்கிட்டார், ஏதோ குறை வெச்சுட்டீங்கன்னு சொன்னார். நான் வேணாம்னுதான் சொன்னேன், அம்மா அழுத அழுகையில ஒத்துக்கிட்டேன். அலோர் காஜா தாண்டி ஒரு பழைய தோட்டம், வேலையாளுங்க குடியிருந்த லயத்துல இப்ப ஆளே இல்ல, கோயில் மட்டும் இருக்கு, அங்க சாமி பார்க்கிறவர்கிட்ட கூட்டிப் போனோம். அவர் பிள்ளை தலைமுடியப் பிடிச்சு, யார்டா நீ, சொல்லு, போறியா இல்லையான்னு கத்தினார். கிஷன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு வீறிட்டான், அப்புறம் கட்டை மாதிரி ஆயிட்டான். போயிருச்சுன்னு சொல்லி கையில கறுப்புக் கயிறு கட்டி அனுப்பினாங்க. ரெண்டு நாள் வீடு அமைதியா இருந்தது. மூணாம் நாள் ரூமுக்குள்ள அந்தக் கோயில் மனுஷன் குரல் கேக்குது. ஓடிப் பார்த்தா கிஷன் அலமாரிக் கண்ணாடி முன்னால நின்னு, தன் முகத்தையே பார்த்து, தன் முடியத் தானே பிடிச்சுக்கிட்டு, யார்டா நீ, சொல்லு, போறியா இல்லையான்னு கேட்டுக்கிட்டு நிக்கிறான். மலர், எங்க அப்பா குரல் வந்தப்பகூட நான் அப்படி நடுங்கல. கயித்த அன்னிக்கே அறுத்துப் போட்டேன். ஆனா அடுத்து என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியல.

வழி காட்டினது புக்கிட் ரம்பாய்ல மளிகைக்கடை வெச்சிருக்கிற ஹாஜரா அக்கா. சனிக்கிழமை மல்லித்தூள் வாங்கக் கடைக்குப் போனப்ப, இவன் தாத்தா குரல்ல ஆரம்பிச்சுட்டான். பக்கத்துல நின்ன ரெண்டு பொம்பளைங்க ஒதுங்கிப் போனாங்க, ஒருத்தி வாயில கைய வெச்சுக்கிட்டா. ஹாஜரா அக்கா மட்டும் கல்லாவ விட்டு எழுந்து வந்து அவன் உயரத்துக்குக் குனிஞ்சு பார்த்தாங்க. தம்பி, கூப்பிட்டாத் திரும்புவானா, வேணுங்கிறத விரல் நீட்டிக் காட்டுவானான்னு கேட்டாங்க. இல்லக்கா, என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஐஸ்பெட்டி மேல வைப்பான்னு சொன்னேன். அவங்க பேரன் நயீமும் இப்படித்தானாம், ரொம்ப நாள் டிவி விளம்பரத்துல வர்ற ஆள் மாதிரியே சோப்பு விலை சொல்லிக்கிட்டுத் திரிவானாம். பேய் சோப்பு விக்குமா தம்பின்னு கேட்டாங்க. எத்தனையோ நாளுக்கப்புறம் அன்னிக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. கவர்மெண்ட் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போ, பிள்ளை பேசலைன்னு சொல்லு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவாங்க, நாள் கடத்தாத லா, அடுத்த வருஷம் ஒண்ணாம் வகுப்புன்னு விரட்டினாங்க.

அம்மா லேசுல வரல. பேர் வெச்சுருவாங்க, அந்தப் பேரு ஆயுசுக்கும் ஒட்டிக்கும், எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்ப்பாங்கன்னு சண்டை. பாலர் பள்ளியில தாடிக்கா டீச்சர் பிள்ளை இன்னும் பேசலையேன்னு சொன்னப்பவும் ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்னு ஊரே சொன்னதைத்தான் அவளும் சொன்னா, பாவம். நான் லீவு போட்டேன், பிள்ளைய மோட்டார்ல உக்கார வெச்சேன், கடைசியில அவளும் பின்னால ஏறி உக்காந்தா. டாக்டர் மலாய்க்காரப் பொண்ணு, உன்னைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கலாம். நாங்க சொன்னதைக் கேட்டுப் பயப்படவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. இவன் அந்தக் குரல்ல பேசுறப்ப அங்க என்ன நடந்துக்கிட்டிருக்கும்னு மட்டும் கேட்டாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் எங்களை அதைக் கேக்கல. யோசிச்சுச் சொன்னேன், நான் ஹெல்மெட்ட எடுக்கிறப்பன்னு. சொல்லி முடிக்கல, டாக்டர் தலையாட்டினாங்க. அப்பா வெளிய கிளம்பினா இதைத்தான் சொல்லணும்னு தாத்தாகிட்ட கேட்டுக் கத்துக்கிட்டிருக்கான், பேச்சு அவனுக்குத் தனித்தனி வார்த்தையா வரல, சத்தமும் இருமலும் சேர்ந்து ஒரே கட்டா வருது, உங்களைக் கூப்பிட்டது உங்க அப்பா இல்ல, உங்க பிள்ளைதான்னு சொன்னாங்க. அம்மாகிட்ட திரும்பி, கோப்பி ஆறிப்போச்சுன்னா அவனுக்குக் குடிக்க ஏதோ வேணும்னு இருக்கலாம்மா, கொடுத்துப் பாருங்கன்னாங்க. அம்மா வெளிய போய்ச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. இத்தனை மாசமா பிள்ளை பசிச்சுக் கேட்டதைப் படத்துக்கு முன்னால வெச்சுட்டேனேன்னு அவ சொன்னது வராந்தா முழுக்கக் கேட்டது.

ஆட்டிசமா இருக்கலாம், முழுசாப் பார்த்துத்தான் சொல்ல முடியும்னாங்க. காது நல்லாக் கேக்குதான்னு பார்த்தாச்சு, நல்லாக் கேக்குது. ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி ஆரம்பிச்சிருக்கு, ரொம்ப நாள் காத்திருந்துதான் கிடைச்சது, குழந்தை மனநல டாக்டரைப் பார்க்க இன்னும் தேதி வரல. வளர்ப்புல குறை இல்லன்னு அம்மாகிட்ட அவங்க திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கயித்த அறுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்னு ரங்கசாமி மாமாவுக்கு இன்னும் மனசு ஆறல, வந்தா வாசலோட போயிடுறார். இப்ப எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது என்னன்னா, அவன் கேட்டாப் பதில் சொல்லணும். எங்கடா கெளம்பிட்டன்னு வந்தா, அப்பா வேலைக்குப் போறேன், திரும்பி வருவேன்னு சின்னச் சின்னதாச் சொல்றேன். சொன்னா நிறுத்திடுறான். என்னன்னு தெரிஞ்ச பிறகும் கை ரோமம் எழுந்துதான் நிக்குது மலர், பொய் சொல்ல மாட்டேன். செத்துப்போன என் அப்பனுக்குத் தினமும் பதில் சொல்லிட்டு வேலைக்குப் போற மாதிரிதான் இருக்கு. ஆனா போன வாரம் ஹெல்மெட்ட எடுத்தப்ப, இருமல் இல்லாம, பழக்கமே இல்லாத ஒரு சின்னக் கீச்சுக் குரல்ல, அப்பா வேலைன்னு ஒண்ணு வந்தது. யார் குரல்னு ஒரு கணம் புரியல. அது அவனோட குரல்மா. நான் அதுவரைக்கும் கேட்டதே இல்ல.

இன்னும் ஒண்ணு மட்டும் எங்களுக்குப் பிடிபடாம இருந்தது. பொழுது சாயுறப்ப சில நாள் வாசலையே பார்த்துக்கிட்டு, வெளக்க அணைக்காத, அவ இன்னும் வரலன்னு சொல்லுவான். தாத்தா குரல்தான், ஆனா தேய்ஞ்சு போன குரல், படுக்கையில கிடந்த கடைசி நாட்கள்ல இருந்த குரல். அப்ப பக்கத்துல இவன் மட்டும்தான் உக்காந்திருப்பான். எங்க காதுல தாத்தா அதைச் சொன்னதே இல்ல. யாரை நினைச்சுச் சொன்னாரோ தெரியாது, எங்க அம்மாவா இருக்கலாம், யாரா வேணும்னாலும் இருக்கலாம், நீ அதைப் போட்டு மனசக் குழப்பிக்காத. தாத்தாவ விடுங்க, கிஷனுக்கு அந்த நேரத்துல என்ன வேணும்னு பாருங்கன்னு பயிற்சி கொடுக்கிறவங்க சொன்னாங்க. பார்த்தேன். அவன் அப்படிச் சொன்னதெல்லாம் ஞாயித்துக்கிழமை, நீ வீடியோவுல வர்ற நேரம், உனக்கு டியூட்டி விழுந்து கூப்பிட முடியாமப் போன ஞாயிறு. போனை எடுத்து அம்மா மடியில வெச்சுட்டு வந்துதான் வாசலைப் பார்க்கிறான். உன் முகத்தைப் பார்க்காம விட்டத்தைப் பார்க்கிறானே, இவனுக்கு அக்கான்னு ஒருத்தி இருக்கிறதே தெரியாதோன்னு நீ அழுதியே. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அதனால இந்த ஞாயிறு அஞ்சு நிமிஷமாவது கூப்பிடு. கடகடன்னு பேசாம, ஒவ்வொரு வார்த்தையா, மெதுவா. கோபமா எதுவும் பேசிடாத, அதையும் பத்திரமா வெச்சுக்குவான். தாத்தா குரல்ல அவன் உன்னைக் கேட்டா போனைக் கீழ போட்டுடாத, வந்துட்டேன் கிஷன், அக்கா வந்துட்டேன்னு சொல்லு. முருகன் உன் பக்கத்துல நிக்கட்டும், கையும் காலும் சுகமா இருக்கட்டும், எல்லாருக்கும் நல்லவளா இரும்மா. குளிர்ச்சட்டைய மறக்காத.

என்றும் உன் நினைப்பாவே இருக்கிற
அப்பா மணியம்