ஆற்றில் விட வேண்டிய கல்

திருவேங்கடம்
8.6.1958

அன்புள்ள சுந்தரிக்கு,

அப்பாவும் நீயும் சௌகரியம்தானே? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஓடைக்கரையில் கிடைத்த ஆதிகாலத்துக் கல்கத்திகளைப் பற்றி லீவில் சொன்னேனே, அவற்றைப்போல நானே செய்யப் பழகுகிறேன். கல்லைக் கல்லால்தான் தட்ட வேண்டும். விளிம்பை ஒட்டித் தட்டினால் நொறுங்கும். உள்ளே தள்ளித் தட்டினால் கல்லே இரண்டாகும். நேற்று கட்டைவிரலைத் தட்டிக்கொண்டேன். சரித்திரம் நடத்துகிறவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? வருகிற ஞாயிறு வர இயலாது. அப்பாவிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
தில்லைநாயகம்


தென்காசி
15.6.1958

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, சுந்தரி வணக்கமாய் எழுதுவது.

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. நம் வீட்டு ஓடும் ஒழுகுகிறது. மாமாவைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டி முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு ஒடிந்துவிடுகிறது. வாதம் வந்த கை இன்னும் அசையவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், "ஏட்டி சுந்தரி, தில்லை வந்துட்டானா?" என்கிறார். "நாளைக்கு வருதாவ மாமா" என்கிறேன். தினமும் இதே பொய்.

இங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை ஒன்று காலியாகிறதாம். மாறுதல் கேட்டு ஒரு மனு எழுதக் கூடாதா? பஸ் மாறி ஏறினால் வந்துவிடும் ஊரில் இருந்துகொண்டு, சீமையில் இருப்பது போல இருக்கிறீர்கள். கல்லைத் தட்டுகிற கை நம் வீட்டுக் கதவையும் ஒரு நாள் தட்டலாம்.

தங்கள்
சண்முகசுந்தரி


திருவேங்கடம்
20.7.1958

அன்புள்ள சுந்தரிக்கு,

கோபிக்காதே. மனுவை அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன். நேற்று முதல்முறையாக ஒரு சில்லு நீளமாகப் பெயர்ந்து வந்தது. அதை வைத்துப் பென்சில் சீவினேன். கையெல்லாம் காயம், கண்ணெல்லாம் தூசி, ஆனாலும் மனசு குளிர்ந்துவிட்டது. கீறல் இல்லாத வெள்ளைக் கல்தான் இங்கே கிடைக்கமாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு என் நமஸ்காரம்.

தில்லைநாயகம்


திருவேங்கடம்
14.9.1958

அன்புள்ள சுந்தரிக்கு,

அப்பாவின் கருமாதி முடிந்து இங்கே வந்து சேர்ந்தேன். உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அப்பாவாக நினைத்துக் கும்பிட வீட்டில் ஊன்றியிருந்த கல்லை எடுத்து ஆற்றில் விடச் சொல்லி என் கையில் கொடுத்தார்கள் அல்லவா? சுத்தமான வெள்ளைக் கல். விட மனம் வரவில்லை. அதை மடியில் கட்டிக்கொண்டு, கரையில் கிடந்த வேறொரு கல்லைத் தண்ணீரில் விட்டேன். யாரும் கவனிக்கவில்லை. சடங்குக்கு எந்தக் கல்லானால் என்ன?

நேற்று அதைத் தட்டினேன். இப்படி ஒரு கத்தி எனக்கு இதுவரை அமைந்ததில்லை. பஞ்சில் சுற்றிக் கண்டக்டர் வேல்சாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். அப்பா ஞாபகமாக வீட்டில் இருக்கட்டும். மாறுதலுக்கு இனி அவசரமில்லைதானே?

தில்லைநாயகம்


தென்காசி
21.9.1958

அத்தான் அவர்களுக்கு,

வேல்சாமி அண்ணாச்சி பொட்டலத்தைக் கொடுத்தார். பிரிக்கும்போதே விரலைக் கீறிவிட்டது. கத்தி நன்றாகத்தான் இருக்கிறது.

அது உங்களுக்கு வெள்ளைக் கல். எனக்கு அது மாமா. நீங்கள் கொள்ளி வைத்த கையோடு பரீட்சை என்று போனவர், கல் எடுக்கிற அன்றைக்குத்தான் திரும்பி வந்தீர்கள். நடுவில் அத்தனை நாளும் அதற்குத் தண்ணீர் ஊற்றி, சோறு படைத்து, விளக்கேற்றியவள் நான். அவரை உடைத்து எனக்கே ஞாபகப் பொருளாக அனுப்பியிருக்கிறீர்கள். கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

இன்று காலை குற்றாலத்துக்குப் போய், சிற்றாற்றில் இறங்கி அதை விட்டேன். சாரல் ஓய்ந்து கூட்டமே இல்லை. விடும்போது மாமா வழக்கமாகக் கேட்பதைக் கேட்டது போலிருந்தது. இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. "அவுக வரமாட்டாவ மாமா. காத்துக் கெடக்காதிய" என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்குக் கடையத்தில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். சாவி பக்கத்து வீட்டுப் பேராச்சி அக்காவிடம் இருக்கும். மீதிச் சில்லுகள் உங்கள் அறையில்தானே கிடக்கும்? ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டு வந்து ஆற்றில் விட்டுவிடுங்கள். அதற்காவது வாருங்கள். வீட்டில் நான் இருக்கமாட்டேன்.

சண்முகசுந்தரி