காணாமல் போன ஏழாவது விசுவாசம்

என் பிரியத்துக்கும் சண்டைக்கும் உரிய எபனேசர் மச்சானுக்கு,

பெங்களூர் கண்டோன்மெண்டை வெள்ளைக்காரன் மைசூர் மகாராஜாவிடம் திருப்பிக் கொடுத்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். அதைக் கொடுத்து மூன்று வாரம் ஆகவில்லை, நாட்டையே கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். ஆஸ்டின் டவுனில் வீட்டுக்கு வீடு கொடி ஏறியது. என் வீட்டில் கொடியும் ஏறியது, வேலையும் போயிற்று. நான் சாப்பாடு பரிமாறும் பேரராக இருந்த ஆபீசர்கள் மெஸ், ரெஜிமெண்டோடு மூட்டை கட்டிக்கொண்டது. அந்த வருஷம் வந்த கிறிஸ்துமஸில்தான் நம் சபையின் விசுவாசம் காணாமல் போனது.

இத்தனை காலம் கழித்து இதை ஏன் கிளறுகிறேன் என்கிறாயா? சபை அந்த ஹாலில் நிலைத்து இருபது வருஷம் ஆகப்போகிறது. அதற்கு விழா மலர் அச்சடிக்கிறார்கள். நம் ஒன்பது விசுவாசங்களையும் சலவைக்கல்லில் வெட்டி வாசலில் பதிக்கிறார்கள். "தாத்தா, பழசு உங்களுக்குத்தான் தெரியும், நம்ம சபையின் நோக்கமும் விசுவாசமும் எப்படி உண்டாச்சுன்னு எழுதிக் குடுங்க" என்று புது செக்ரட்டரி வந்து கேட்டான். கைநாட்டுப் பேர்வழியிடம் எழுதிக் கேட்கிற முதல் ஆள் அவன்தான். நான் சொல்லச் சொல்ல மருமகள் ஸ்டெல்லா எழுதுகிறாள். அவள் டீச்சர். நடுநடுவே நிறுத்தி, இதெல்லாம் மலரில் வரலாமா மாமா என்கிறாள். வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நம் சபை முப்பது குடும்பம். சோல்ஜர்கள் புத்தகம் படிக்கக் கட்டிய ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடிக்கொள்ள வெள்ளைக்காரர்கள் வாய்ச்சொல்லாக விட்டிருந்தார்கள். அவர்கள் போனதும் மைசூர் சர்க்காரிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். நீங்கள் யார், உங்கள் நோக்கம் என்ன, எதை நம்புகிறீர்கள், எழுதி வையுங்கள், பொங்கலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவேன், பார்த்துவிட்டு ஹாலைப் பற்றி முடிவு சொல்கிறேன் என்று போய்விட்டார். அதுவரை எதை நம்புகிறோம் என்று நம்மை யாரும் கேட்டதில்லை. நாமும் கேட்டுக்கொண்டதில்லை.

மூன்று ஞாயிறு சண்டை நடந்தது. எட்டு விசுவாசம் எப்படியோ முடிந்தது. நோக்கம், தேவனைத் துதிப்பதும் அயலானை நேசிப்பதும் என்று முதலாவதில் வந்தது. அதற்குள் அயலான் என்றால் யார், வாடகை ஏற்றிய வீட்டுக்காரனும் அயலானா என்று ஒரு மணி நேரம் போயிற்று. ஆனால் ஏழாவதுதான் யாருக்கும் அடங்கவில்லை. கர்த்தருடைய பந்தியில் யார் அப்பம் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது என்பது ஏழாவது. அதில் பூ வந்து புகுந்துகொண்டது.

நம் சபையில் பெண்கள் தலையில் பூ வைத்து உள்ளே வரக் கூடாது. அது பழைய வழக்கம். ஆனால் தெருவில் வெறுந்தலையோடு வர எந்தப் பொம்பளைக்கு மனசு வரும்? வைத்துக்கொண்டு வருவார்கள். வாசலில் நிற்கிற என் கூடையில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். ஜெபம் முடிந்ததும் அவரவர் சரத்தை அவரவர் கையில் நான் கொடுப்பேன். இருபத்திரண்டு ஆபீசர்களில் யாருக்கு அரைவேக்காட்டு முட்டை, யாருக்கு முழுவேக்காடு என்று சீட்டில்லாமல் பரிமாறியவனுக்கு நாற்பது சரம் ஒரு கணக்கா? முனியம்மாளுடையது கனகாம்பரம், நுனியில் ஒரு மரிக்கொழுந்து. உன் பெண்டாட்டி சாரா அக்காளுடையது இரண்டு முழம், அதை நாலாய் மடித்துப் போடுவாள். ஒருநாளும் மாறிப்போனதில்லை.

அந்தப் பூவெல்லாம் கட்டி விற்றது உன் தங்கை கிருபை. அந்த வருஷம் என் வீட்டில் உலை கொதித்தது அவள் விரலால்தான்.

தேவசகாயம் மூப்பர் இதை ஏழாவதில் கொண்டுவந்தார். கெட்ட மனுஷர் இல்லை. ரேஷன் அரிசியில் பாதியை இல்லாத வீட்டுக்குக் கொடுத்தவர். ஆனால் எதையும் கயிறு கட்டிக் கோணாமல் வைக்க வேண்டும் அவருக்கு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் உன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். நான் உன் கட்டிலுக்கு நாடா பின்னிக்கொண்டிருந்தேன். அவர் சொல்ல நீ எழுதினாய். பூ வைக்கிறவளும், பூ விற்கிறவளும் கர்த்தருடைய பந்தியில் பங்கு பெறலாகாது.

விற்கிறவள் என்ற இடத்தில் உன் பேனா நின்றது. மசி ஒரு சொட்டு கொட்டியது. என்னைப் பார்த்தாய். அப்புறம் எழுதினாய். மாட்டேன் என்று ஏன் சொல்லவில்லை மச்சான்? சொல்லியிருந்தால் ஹால் போய்விடும் என்று பயந்தாயா, செக்ரட்டரி பதவி போய்விடும் என்றா?

காகிதம் கிடைக்காத காலம். உன் ஆபீசில் வீணான அச்சுப் பாரங்களின் வெள்ளைப் பின்பக்கத்தில், தாளுக்கு ஒன்றாக ஒன்பது விசுவாசங்களையும் எழுதி உன் வீட்டு அலமாரியில் வைத்தாய். சபைக்கு அதைப் படித்துக் காட்டுவதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. சாரா அக்கா கல்கலா சுட்டாள். மாவைச் சீப்பில் உருட்டிப் பொரிக்கிற கல்கலா. ஒன்பது வீட்டுக்குக் கொடுக்க வேண்டும், பொட்டலம் கட்டக் காகிதம் இல்லை. அலமாரியில் கச்சிதமாக ஒன்பது தாள் இருந்தது. உன் பெண்டாட்டிக்கு நன்றாக வாசிக்கத் தெரியும் என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தாள் போனது தெரிந்ததும் நீயும் நானும் பொட்டலம் போன வீடுகளுக்கு ஓடினோமே, அந்த ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு விலா வலிக்கிறது. டெய்லர் காதர் பாய் வீட்டில் இரண்டாவது விசுவாசம் இருந்தது. தேவன் ஒருவரே என்ற வரியைப் பார்த்துவிட்டு, கீழே போடக் கூடாது என்று எண்ணெயைத் துடைத்து மிஷினுக்கு மேலே உயரத்தில் வைத்திருந்தார். "இதுல நமக்கும் தகராறு நை பாய்" என்று இரண்டு கையாலும் கொடுத்தார்.

கன்னடக்கார ஷாமண்ணா வீட்டுக்கு ஐந்தாவது போயிருந்தது. ஞானஸ்நானம் முழுக்கினால் மட்டுமே என்பது. அவர் தமிழ் வாசிப்பவர். "ஏன்ரீ செக்ரட்டரியவரே, இந்தக் குளிர்ல தலையோட முக்குறீங்களா, சீத ஆகல்வா" என்று கவலையாகக் கேட்டார். சளி பிடிக்காது, விசுவாசம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தும்மினாய்.

ஒன்பதாவதுதான் பெரிய கூத்து. கர்த்தர் எந்த நாழிகையிலும் வருவார், ஆயத்தமாயிருங்கள் என்பது. போஸ்ட்மேன் பெண்டாட்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "எப்பன்னு தேதி போடலியேண்ணா. இட்லிக்கு ஊறப்போட்டிருக்கேன், ஆட்டட்டுமா வேணாமா?" ஆட்டச் சொன்னாய்.

எட்டுத் தாள் சேர்ந்தது. ஏழாவது கடைசிப் பொட்டலத்தில் போயிருக்க வேண்டும். கடைசிப் பொட்டலம் என் வீட்டுக்கு வந்தது.

அதைப் பிரித்தது கிருபை. அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததே நீதானே. வாசித்தாள். எனக்கும் ஒரு தரம் உரக்க வாசித்தாள். "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றாள். தாளை இரண்டாய் மடித்துக் காப்பி அடுப்பில் வைத்தாள். கல்கலாவை மிச்சம் வைக்காமல் தின்றாள். எண்ணெய் பழசு என்று மட்டும் சொன்னாள்.

நீ வந்து வாசலில் நின்று, தாள் இங்கே வந்ததா என்று கேட்டாய். அவள் நார் நனைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்: "எங்க வீட்டுக்கு வந்தது வாழையிலையில வந்துச்சு, செக்ரட்டரி சார்."

பிறந்ததிலிருந்து அண்ணா என்றவள். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நடைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆபீசர் வந்த ஞாயிற்றுக்கிழமை. முன்வரிசையில் அவருக்கு நாற்காலி. மேஜைமேல் எட்டுத் தாள், கல்கலா வாசனையோடு. நீ ஒன்று ஒன்றாகப் படித்தாய், அவர் தலையாட்டினார். ஆறு முடிந்து எட்டுக்குத் தாவினாய். அவர் விடுவாரா? ஏழு எங்கே என்றார். காணவில்லை என்றாய். சபையே குசுகுசுத்தது. ஏழாவதில் முடிவாக என்ன எழுதினார்கள் என்று தெரிந்தவர்கள் அந்த ஹாலில் ஐந்தே பேர். மூப்பர், நீ, நான், கிருபை, அப்புறம் வாசிக்கத் தெரிந்த சாரா அக்கா.

மூப்பரே சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவர் சொந்தச் சரக்கு என்று ஏற்கெனவே முணுமுணுப்பு இருந்தது. அதனால் எழுந்து நின்று, "மாசிலாமணி அன்னிக்குப் பக்கத்துலதான் இருந்தான். ஒரு தடவ கேட்டா மறக்கமாட்டான், சபைக்கே தெரியும். அவன் சொல்லட்டும்" என்றார்.

கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன், சத்தியமாக. என் ஞாபகம் ஒன்றுதான் என் சொத்து. அதில் கலப்படம் செய்தால் அப்புறம் நான் யார்? பெண்கள் பக்கம் பார்த்தேன். கிருபை என்னைப் பார்க்கவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மெஸ்ஸில் எனக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம் வாயில் வந்துவிட்டது. "ஏழாவது. பந்தி கர்த்தருடையது. சபை பரிமாறுகிற ஆள் மட்டுமே. உட்கார்ந்தவரை எழுப்பிவிடச் சபைக்கு அதிகாரம் இல்லை."

மூப்பர் கழுத்து சிவந்தது. "மாசி, நல்லா யோசிச்சுச் சொல்லு. இதுவா நாம எழுதுனது? உன் ஞாபகம் தப்பாது இல்ல?"

எனக்குப் பொய்யை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியவில்லை. தெரிந்த உண்மை ஒன்றை எடுத்து விட்டேன். "என் ஞாபகமா மூப்பரே? இத்தன வருஷத்துல உங்க வீட்டம்மா பூவ ஒருநாளாவது மாத்திக் குடுத்திருக்கேனா, அவங்களையே கேளுங்க."

அவர் வீட்டம்மாள் எலிசா பூ வைக்கிற விஷயம் ஆஸ்டின் டவுன் முழுக்கத் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. அவர்தான் ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறவர் ஆயிற்றே, வாசலில் நடப்பதை எங்கே கண்டார்? நான் மாட்டிவிட வேண்டும் என்று சொல்லவில்லை மச்சான். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று உறைத்தது. எலிசா அம்மாள் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். ஆபீசர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், துடைக்க ஒன்றும் இல்லை.

மூப்பர் பெண்கள் பக்கம் திரும்பி அந்த முக்காட்டைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துகொண்டு, "எழுதிக்கோ எபனேசர்" என்றார். நீ எழுதினாய். இந்தத் தடவை பேனா நிற்கவில்லை. நான் சொன்னது நீ எழுதியது இல்லை என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? ஒரு வார்த்தை கேட்டாயா? அன்றும் கேட்கவில்லை, சாகிறவரை கேட்கவில்லை.

ஹால் நமக்குக் கிடைத்தது. அன்று ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு மூப்பர் கூடையண்டை வந்து குனிந்து, எது என் வீட்டுது என்று மெல்லக் கேட்டார். காட்டினேன். அதை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வருஷமே அந்தக் கூடைக்கு வேலை இல்லாமல் போயிற்று. வீட்டில் இப்போது அதில் வெங்காயம் கிடக்கிறது.

கிருபைக்குப் பந்தியில் இடம் இருந்தது. ஆனால் உனக்கு அவளிடம் இடம் இருந்ததா? நீ அப்பத் தட்டை நீட்டுவாய், எடுத்துக்கொண்டு, தேங்க்ஸ் செக்ரட்டரி சார் என்பாள். உன் மகள் கல்யாணத்துக்கு மாலை எல்லாம் அவள்தான் கட்டினாள், செக்ரட்டரி சார் வீட்டுக் கல்யாணம் என்று. பதவியை விட்டு நீ இறங்கிய பிறகும் அதே பேர். கடைசியில் ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டும்போதுகூட, "வாயத் திறங்க செக்ரட்டரி சார்" என்றாள். நீ சிரித்தாய், கஞ்சி புரையேறியது. நர்ஸ் உன்னை ஏதோ பெரிய உத்தியோகஸ்தர் என்று நினைத்துக்கொண்டு தலையணை ஒன்று கூடுதலாகக் கொண்டுவந்தாள்.

நீ போய் இரண்டு வருஷம். நாட்டுக்கு மூன்றாவது பிரதமர் வந்தாயிற்று. போன வியாழக்கிழமை புது செக்ரட்டரி வீட்டுக்கு வந்து, கல்லின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, என்ன போடலாம் தாத்தா என்றான். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பூ கட்டிக்கொண்டிருந்தவள் பதில் சொன்னாள்.

"எங்கண்ணன் எழுதுனதுன்னு போடச் சொல்லுங்க."

அவன் போன பிறகு கேட்டேன், எதைச் சொல்கிறாய், அடுப்பில் வைத்தாயே அதையா என்று.

"ரெண்டயும் அவருதான் எழுதுனாரு. ஒண்ணு எரிஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கறது இதுதான்" என்றாள். அப்புறம் நார் தீர்ந்துவிட்டது என்று எழுந்து போனாள். திரும்பி வர நேரம் ஆயிற்று. நான் உள்ளே போகவில்லை.

ஆகவே மச்சான், உன் பேர் கல்லில் வரும். கல்வெட்டுகிறவன் பிழை விடாமல் ஸ்டெல்லா பார்த்துக்கொள்வாள், அது என் பொறுப்பு. கல் திறக்கிற அன்று முன்வரிசையில் யார் உட்காருவது என்று கேட்டார்கள். அன்று அந்த ஏழாவதில் சம்பந்தப்பட்டவர்களில் யார் மிச்சம்? ஆபீசர் போய்விட்டார். மூப்பர் போய், அவர் பின்னாலேயே எலிசா அம்மாளும் போனாள். சாரா அக்கா உனக்கு முன்னால் போனாள். என்னை விட்டுவிட்டால் ஒரே ஒருத்தி இருக்கிறாள். தலை நிறையப் பூவோடு அவளைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியில் நான் உட்காரவைப்பேன், இது என் வாக்கு: உன் தங்கை கிருபை.

இப்படிக்கு,
அவள் புருஷன், உன் மாப்பிள்ளை
மாசிலாமணி