வால்வுக் காலில் சந்தனம்

கொல்லம் ஆண்டு 1129, சரசுவதி பூசை, வெள்ளி

காலையிலிருந்து தூறல். சந்தனம் அரைத்தாயிற்று. அவல், பொரி, பழம். மகன் நடராசன் குளிக்கப் போன நேரம் அவனுடைய மைக்செட் பெட்டியையும் துடைத்தேன். உள்ளே கண்ணாடி வால்வுகள், சின்னக் கத்திரிக்காய் அளவு. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, துடைத்து, மேலே பொட்டு. அடியில் இருக்கும் கம்பிக் கால்களிலும் சந்தனம். பூசையில் வைக்கிற பொருளுக்குக் காலை மட்டும் விடுவார்களா? எது எந்தக் குழி என்று மறக்காமல் செருகிவிட்டேன். நான் படித்தது இரண்டாம் வகுப்புதான். ஆனால் எதுவும் மறக்காது.

மருமகளின் அண்ணன் வேலப்பன் வந்தான். செட்டுக்கு ஈயம் பற்றவைத்துக் கொடுத்தவன். காப்பி கொடுத்தேன், ஆனால் நான் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் நான், என்னைக் கல்யாணத்தன்று இரண்டாம் பந்திக்கு ஒதுக்கிய வீடு. அவியலும் தீர்ந்திருந்தது.

விசயதசமி, சனி

பூசை எடுத்தாயிற்று. நாளை தெற்குத் தெருக் கல்யாணம், சொந்தச் செட்டோடு நடராசனுக்கு முதல் வேலை. கெட்டால் இனி யார் கூப்பிடுவார்? வாசலில் புனல் வாய்க் கோளாம்பி ஸ்பீக்கரைக் கட்டி ஓட்டிப் பார்த்தான். வறட்வறட்டென்று சத்தம், நடுவில் ஊளை. பேட்டரி மாற்றினான். மைக் வயரைப் பிடுங்கிச் செருகினான். போகவில்லை.

"நில்லும் மச்சான், தொறந்து பாக்கேன்" என்றான் வேலப்பன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, நீ வச்ச ஈயந்தானே? பந்தியில கறி கொறச்ச கையில்லா! எம்மவன் பொழைக்கப்பிடாதுன்னு செஞ்சியா?"

மைக் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். அத்தனையும் கோளாம்பியில். கிணற்றடியில் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். மீன்காரி, "ஆச்சிக்க தொண்டைக்கு மைக் எதுக்கு?" என்றாள்.

வேலப்பன் போய்விட்டான். மருமகள் உண்ணவில்லை.

ஞாயிறு, காலை

மழை விட்டது. தங்கைக்காக வேலப்பன் தானே வந்தான். செட்டை ஓடவிட்டு, பென்சில் முனையால் வால்வுகளைத் தட்டிக்கொண்டே வந்தான். ஒன்றைத் தட்டியதும் சத்தம் குதித்தது. அணைத்துவிட்டுப் பிடுங்கினான். காலில் காய்ந்த சந்தனம்.

என்னைப் பார்த்தான். எல்லா வால்வுகளையும் எடுத்து வேட்டி நுனியால் துடைத்தான். நடராசன் உள்ளே வருவதற்குள் முடித்துவிட்டான்.

"என்ன மச்சான் கோளாறு?"

"எனக்க ஈயந்தான். ஒரு எடத்துல விட்டுப்போச்சு."

"அப்போ அம்ம சொன்னது சரிதான்."

நான் அரிசி களைய அடுக்களைக்குப் போய்விட்டேன். சீ.

சாயங்காலம்

கல்யாண வீட்டில் செட் நன்றாகப் பாடியது. பந்தியில் பக்கத்து இலைக்காரி, "உங்க மருமவளுக்க அண்ணன் கெடுத்த செட்டுதானே இது?" என்றாள். அடுத்த இலையில் மருமகள். அவள் கை சோற்றிலேயே நின்றது. பாதிப் பந்தியில் எழுந்தேன். எச்சில் கையோடு நேரே மைக்குக்கு.

வேலப்பன் குறுக்கே வந்தான். "வேண்டாம் அத்தை, ஆளு நெறைய இருக்கு."

"நேத்தும் இருந்துது."

நடராசனிடம் பாட்டை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான். செட்டில் ஒரு இரைச்சலும் இல்லை. என் மூச்சுதான் முதலில் தெரு முழுக்கக் கேட்டது.