மூட்டை விழுந்த பிறகு

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதிக்கொள்வது. சித்தி முட்டிவலியோடு நடமாடுகிறாள், உன் தம்பி சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். எனக்குத்தான் சுகமில்லை, காய்ச்சல் எல்லாம் இல்லை, பயம். போனில் வாயைத் திறந்தால் எனக்குப் பெருமைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

கயிறு கட்டி ஆளை மீட்க நீ தீயணைப்பு ஆட்களுக்குப் பாடம் நடத்துவதைத் தம்பி வேலை செய்யும் மாவு மில்லில் சொல்லும்போது, உனக்கு முதல் முடிச்சு சொல்லிக்கொடுத்ததே நான்தான், மலையிலிருந்து ஏழு பேரை இறக்கியவன் என்று கொஞ்சம் சேர்த்துவிட்டேன். மேலாளர் உடனே, கோதுமைத் தொட்டிக்குள் யாராவது விழுந்தால் தூக்க நம் ஆட்களை நீங்களே பழக்குங்கள் என்றார். நான் மறுக்கிற ஆளா? கயிறு, கொக்கி, கட்டின இடம், பிடிக்கிற ஆள் எல்லாம் சேர்ந்துதான் ஒரே ஏற்பாடு, ஒவ்வொன்றையும் தொட்டு இது போனால் எது தாங்கும் என்று வாய்விட்டுக் கேட்கணும் என்பாயே, தம்பி அதைத்தான் கேட்டான். கயிறு ரெண்டு இருக்கு சித்தப்பா, ரெண்டையும் ஒரே கைப்பிடிக் கம்பியில கட்டியிருக்கே, கம்பி பிடுங்கிக்கிட்டா என்றான். நல்ல காரியம் தொடங்கும்போது அபசகுனமாகப் பேசாதே, வாயைக் கழுவு என்று எல்லார் முன்னாலும் அதட்டினேன். நல்லவேளை, ஆளுக்குப் பதில் மூட்டையைத்தான் தொங்கவிட்டோம். கம்பி காரையோடு பெயர்ந்து மூட்டை அடியில் போய் வெடித்தது.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். வேண்டுமென்றேதான் விழவிட்டேன், இதுவும் பாடம் என்றேன், கை தட்டினார்கள். அடுத்த மாதம் முதலாளி பார்க்க வருகிறார், தொங்கப்போவது உன் தம்பி. அதட்டியதிலிருந்து அவன் ஒரு கேள்வியும் கேட்பதில்லை, எதற்கும் சரி சித்தப்பா என்கிறான், அந்தச் சரிதான் என்னைக் கொல்கிறது. மேலாளரிடமே போய், ஐயா எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். பெரியவங்களுக்கு என்ன அடக்கம் என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார். என்னை அடக்கமானவன் என்று சொல்ல இத்தனை வருஷத்தில் ஒருவன் வந்தான், அதுவும் இப்போதா வரவேண்டும்? நீ இறங்க வேண்டாம்டா என்று தம்பியைக் கெஞ்சினேன், உங்க மானம் போயிடுமே சித்தப்பா என்கிறான்.

போகட்டும் கண்ணு. இதைப் பார்த்ததும் மேலாளருக்கு எழுது. சித்தப்பா என்கிற அந்த ஆளுக்குக் கயிற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவர் பேச்சைக் கேட்டு யாரையும் இறக்காதீர்கள் என்று எழுது. மரியாதைக்குக்கூட என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சேர்க்காதே, அதைப் பிடித்துக்கொண்டு இறக்கிவிடுவார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். மில் விலாசம் பின்பக்கம் இருக்கிறது, தாமதிக்காதே.

உன்னையும் அவனையும் வளர்த்த,
சித்தப்பா