ஏழு பத்துக்கு வந்த மெயில்

அக். 2, வியாழன்

விடியும்போதே மழை. பின்னால் காயப்போட்ட துணி மொத்தமும் நனைந்துவிட்டது.

விஜயதசமி. நேற்று பூஜையில் வைத்த சாமான்களை எடுத்தேன். இவருடைய லோரி சாவி, என் தையல் மெஷின், கத்தரிக்கோல், சுத்தியல். கடைசியாகத் தம்பி சுரேனின் கம்ப்யூட்டர் பெட்டி. பிளக்கைச் செருகிப் பட்டனை அழுத்தினேன். நீல விளக்கு சிமிட்டியது. அவ்வளவுதான். ஃபேன் சத்தம் இல்லை. உள்ளே டிஸ்க் சுற்றும் சத்தம் இல்லை. பத்து தடவையாவது அழுத்தியிருப்பேன்.

சுரேன் இருந்தவரை ஆயுத பூஜைக்கு இதற்குப் பொட்டு மட்டும்தான். நிறுத்த விடமாட்டான். “வீட்டுப் படம், வீடியோ, அப்பா பேசுன கேசட்டு எல்லாம் இதுலதான்க்கா இருக்கு. ஆறு வருஷமா நிக்காம ஓடுது. கைய வச்சிறாத.” இந்த வருஷம் தடுக்க அவன் இல்லை. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். மற்ற சாமானெல்லாம் ஓய்வெடுக்கும்போது இது மட்டும் ஏன் ஓடணும், ஒரு நாள் படுக்கட்டும், பாவம் என்று. என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

7.10க்கு மெயில் வரவில்லை. கொமுட்டர் ரயில் ஷா ஆலம் தாண்டியது. சுபாங் தாண்டியது. போனையே பார்த்துக்கொண்டு வந்தேன். பெட்டி அணைந்து கிடக்கும்போது எப்படி வரும்? தெரியும். தெரிந்தும் பார்த்தேன்.

அக். 3, வெள்ளி

வெயில். கிளினிக்கில் கூட்டம். கண்ணுக்கு மருந்து விட்டு உட்காரவைத்த ஒரு ஆன்டி, “என்னம்மா, உன் கண்ணுதான் செவந்து கெடக்கு” என்றார். தூக்கம் இல்லை ஆன்டி என்றேன்.

வீட்டுக்கு வந்து செய்தது:
– வேறு பிளக் பாயிண்ட். இல்லை.
– பிளக்கின் உள்ளே ஃபியூஸ் மாற்றினேன். இல்லை.
– ரைஸ் குக்கரின் வயரைப் போட்டுப் பார்த்தேன். விளக்கு சிமிட்டல், அவ்வளவுதான்.
– பொட்டு வைத்த சந்தனம் பட்டன் ஓரத்தில் காய்ந்திருந்தது. பல் குத்தும் குச்சியால் சுரண்டினேன்.
– கும்பிட்டேன்.

இணையத்தில் தேடினால் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்: டிஸ்க்கைக் கழற்றினால் வரிசை மாறக்கூடாது, மாறினால் உள்ளே இருப்பது போச்சு. இன்றைக்கு வேண்டாம்.

அந்த மெயிலைப் பற்றி இங்கேகூட இதுவரை எழுதியதில்லை. எழுதினால் நின்றுவிடுமோ என்று பயம். இப்போதுதான் நின்றுவிட்டதே.

பெட்டி ராத்திரியில் தன்னைத் தானே சோதித்துக்கொண்டு காலை ஏழு பத்துக்கு, நான் ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, எனக்கு ஒரு வரி அனுப்பும். சுரேன் செட் பண்ணிவைத்தது. அனுப்புகிறவர் பெயர், சுரேன். “அக்கா. 4 டிஸ்க்கும் ஓகே. 41 டிகிரி.” டிகிரி மட்டும் நாளுக்கு நாள் கூடும் குறையும். போன நவம்பரில் அவன் போனான். மறுநாள் காலை ஏழு பத்துக்கு, அவனைக் குளிப்பாட்டக் காத்திருந்தபோது, போன் அதிர்ந்தது. 4 டிஸ்க்கும் ஓகே.

அன்றிலிருந்து தினமும். யாரிடமும் சொன்னதில்லை. இவரிடமும்தான்.

அக். 4, சனி

இவர் நாலு நம்பர் லாட்டரி வாங்கப் போனார். எப்போதும் போல 3816, இவர் முதல் முதலாக ஓட்டிய லோரியின் நம்பர். இருபது வருஷமாக வாங்குகிறார், ஆறுதல் பரிசுகூட விழுந்ததில்லை. மனுஷன் விடுவதாக இல்லை.

டிஸ்க் நாலையும் கழற்றினேன். காகித டேப் ஒட்டி 1, 2, 3, 4 எழுதி, வரிசையாகப் பழைய துண்டின் மேல். வெறும் பெட்டியைப் போட்டேன். அதே சிமிட்டல். அப்படியென்றால் டிஸ்க்கில் கோளாறு இல்லை, பெட்டியில்தான். படித்ததை வைத்து இவ்வளவு தூரம் கண்டுபிடித்ததில் கொஞ்சம் பெருமை. சுரேன் இருந்தால் “பரவால்லியே க்கா” என்பான்.

இவர் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அவன் அறைக்குள் இவர் வருவதே இல்லை.

“ஏன் இதப் போட்டுக் கஷ்டப்படுற? வுடு லா. படமெல்லாம் உன் போன்ல இருக்குதானே?”

“எல்லாம் இல்ல.”

“அப்ப நான் கொண்டுபோய்க் காட்டுறேன். நீ போகாத.”

எனக்குச் சுருக்கென்றது. ஏன் நான் போகக்கூடாது? கொண்டுபோய் ஏதாவது இரும்புக் கடையில் தள்ளிவிட்டு, செத்துப்போச்சு என்று வந்து நிற்பார். என் தம்பி சாமானில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று கத்திவிட்டேன். இவர் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு லோரியைக் கழுவப் போய்விட்டார். ஞாயிறு கழுவுகிற லோரி.

அக். 5, ஞாயிறு

மத்தியானம் இடி. மழை இல்லை.

சமைக்கும்போது அவன் அறையிலிருந்து உறுமல் கேட்டது. பெட்டி ஓடும் அதே சத்தம். கரண்டியோடு ஓடினேன். துண்டின் மேல் நாலு டிஸ்க், பெட்டி ஜில்லென்று. சத்தம் ஃபிரிட்ஜ். இத்தனை நாளாக ஃபிரிட்ஜ் இப்படித்தான் சத்தம் போட்டதா?

பெட்டியின் தலையில் கை வைத்துப் பார்ப்பது வழக்கம். எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். காய்ச்சல் அடிக்கும் பிள்ளையின் நெற்றி மாதிரி.

எழுதிவிடுகிறேன். ஜூன் மாதம் என் பிறந்தநாள். அவன் இல்லாத முதல் பிறந்தநாள். முதல் நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. ரயிலில் உட்கார்ந்திருந்தேன். ஏழு பத்து. திறந்தேன்.

“அக்கா. 4 டிஸ்க்கும் ஓகே. பசியாறிட்டியா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பத் திரும்பப் படித்தேன். மெஷினுக்கு எப்படித் தெரியும்? என் பிறந்தநாளும் நான் சாப்பிடாததும்? அவன்தான் அப்படிக் கேட்பான். பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சென்ட்ரலில் இறங்கி நேராகப் போய் நாலு இட்லி சாப்பிட்டேன். ஐந்தாவதும் வாங்கினேன். மறுநாள் பழையபடி, 4 டிஸ்க்கும் ஓகே, அவ்வளவுதான்.

பைத்தியம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அந்தப் பெட்டிக்குள் என் தம்பி கொஞ்சம் இருந்தான். ஆஸ்பத்திரியில் மெஷினை நிறுத்தலாமா என்று டாக்டர் கேட்டபோது தலையாட்டியது நான். அம்மா அப்பா இல்லை, மூத்தவள் நான்தான். இப்போது இதையும் நானே நிறுத்தினேன்.

அக். 7, செவ்வாய்

பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் பையில் போட்டு, டிஸ்க்குகளைத் தனியாகத் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டே ரயில் ஏறினேன். உட்கார இடம் கொடுத்தார்கள், குழந்தை என்று நினைத்தார்களோ என்னவோ.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்குப் பின்னால், மாடியில் ஒரு ரிப்பேர் கடை. ஆள் பெயர் ஹமீது. ராமநாதபுரத்துக்காரர், பெர்மிட்டில் வந்து பல வருஷம். வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். டேப் ஒட்டிய நம்பர்களைப் பார்த்து, “சுத்தமாப் பண்ணியிருக்கீங்க அக்கா” என்றார்.

அந்த அக்கா நெஞ்சில் குத்தியது. “மேடம்னே கூப்பிடுங்க” என்றேன். பாவம், முகம் சுருங்கிப்போச்சு. பிறகு எனக்கே வெட்கம்.

பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தார். “பாத்தீங்களா மேடம், இந்த பவர் போர்டுல சின்னச் சின்ன டப்பா மாதிரி இருக்குல்ல, தலை உப்பியிருக்கு. ஓடிக்கிட்டே இருந்தா இன்னும் ரெண்டு வருஷம்கூட ஓடியிருக்கும். ஒரு தடவை நிறுத்தி ஆறிப்போச்சுன்னா திரும்ப எழும்பாது. யாரு நிறுத்துனா?”

“நான்தான். ஆயுத பூஜை.”

சிரிக்கவில்லை. “எங்க ஊர்ல பஸ்ஸுக்கே மாலை போடுவாங்க மேடம். ஆனா மாலையோட ஓட்டிக்கிட்டுதான் இருப்பாங்க.”

போர்டு செலாயாங்கில் ஒருவரிடம் இருக்கிறதாம். வியாழன் வரச் சொன்னார். இவர் லோரியில் குவாந்தானுக்கு லோடு ஏற்றிப் போய்விட்டார், சனிக்கிழமைதான் திரும்புவார். போகும்போது, “பெட்டிய எங்க குடுத்த?” என்று மட்டும் கேட்டார். சொல்லவில்லை.

அக். 9, வியாழன்

எழும்பிவிட்டது.

வேலை முடிந்து ஓடினேன். மேசை மேல் ஃபேன் சத்தம், டிஸ்க் நாலும் ஒவ்வொன்றாகப் பிடித்துச் சுற்றும் சத்தம். தலையில் கை வைத்தேன். சூடு ஏற ஆரம்பித்திருந்தது. கடை என்றும் பார்க்காமல் அழுதேன். ஹமீது திரும்பிக்கொண்டு ஏதோ வயரைச் சுற்றினார்.

எதுவும் போகவில்லை, படம், வீடியோ, அப்பா குரல் எல்லாம் பத்திரம் என்றார். பிறகு, “ஒண்ணே ஒண்ணு மேடம். இதுல காலைல மெயில் போகுற மாதிரி செட் பண்ணியிருக்கு. அது வேலை செய்யல, புதுசா வேற மெயில் கணக்குப் போட்டுத் தரவா?”

“அணைஞ்சு கெடந்துச்சே, அதான்.”

“இல்ல மேடம், அதுக்கு முந்தியே. பாருங்க.” திரையைத் திருப்பினார். வரிசையாகச் சிவப்பு. “சுரேன்னு பேரு இருக்கு, அவரு வேலை செஞ்ச ஆபீஸ் மெயில் வழியா போய்க்கிட்டிருந்துச்சு. மார்ச் பதினாலு கடைசி. பதினஞ்சுல இருந்து எதுவும் போகல. கணக்க மூடியிருப்பாங்க.”

உளறாதீங்க, எனக்குப் போன வாரம் வரை வந்தது என்று போனை நீட்டினேன். அவர் சுரேன் பெயரின் மேல் விரலை வைத்தார். பெயருக்கு அடியில் முகவரி விரிந்தது. இத்தனை மாதத்தில் நான் ஒரு தடவைகூட அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. வேறு முகவரி. suren என்று ஆரம்பித்து, கடைசியில் நாலு நம்பர்.

3816.

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். வாங்க மறந்த மீதிச் சில்லறையை ஹமீது படியில் ஓடிவந்து கொடுத்தார்.

ரயிலில் மார்ச் வரை தேடினேன். எல்லாம் அப்படியே கண் முன்னால் இருந்திருக்கிறது. மார்ச் 15, 16 மெயில் இல்லை. ஞாபகம் இருக்கிறது, அந்த இரண்டு நாளும் பாயில் சுருண்டு கிடந்தேன், வயிற்று வலி என்று சொன்னேன். 17இலிருந்து திரும்ப வந்தது. அதன்பின் டிகிரி இல்லை. நான் கவனித்தேன், கவனித்தும் கேட்கவில்லை. 14ஆம் தேதி மெயில் தடித்த எழுத்தில் இருந்தது. அன்றைக்கு நான் திறக்கவே இல்லை. இன்றைக்குத்தான் திறந்தேன். “அக்கா. 4 டிஸ்க்கும் ஓகே. 39 டிகிரி.”

தம்பி மார்ச்சிலேயே போய்விட்டான். எனக்கு அக்டோபரில் தெரிகிறது.

அக். 10, வெள்ளி

லீவு போட்டேன். பெட்டி அவன் அறையில் ஓடுகிறது. அது பாட்டுக்கு ஓடுகிறது.

கோபம். ஏழு மாசம்! என்னை முட்டாளாக்கினாரா? தினமும் வீட்டுக்கு வந்து இதைத் திரும்பப் படித்து நான் சிரித்ததையும் அழுததையும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு. வந்ததும் சட்டையைப் பிடிக்கப்போகிறேன்.

கோபம் இல்லாத நேரத்தில் வேறு ஒன்று தோன்றுகிறது. ஏழு பத்துக்கு இவர் எங்கே இருப்பார்? ரோட்டில். ஒரு நாள் விடாமல். ஆகஸ்டில் ஒரு தடவை ஒன்பதரைக்கு வந்தது, பெட்டிக்கு வயதாகிறது என்று நினைத்தேன்.

போன் பண்ணினார். எடுக்கவில்லை.

அக். 11, சனி

நல்ல வெயில். நாலு மணிக்கு லோரி சத்தம். வந்தவர் கையில் கெம்போங் மீன், குவாந்தானில் வாங்கியது. வந்த கையோடு அவரே கழுவி, மஞ்சள் தடவி, சட்டியில் போட்டார். ஏதோ தெரிந்திருக்கிறது, முகத்தைப் பார்க்கவில்லை.

பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோச்சு. “3816” என்றேன்.

கரண்டி நின்றது.

“உன் போன்லதான் பாத்தேன்” என்றார். “மார்ச்சுல ரெண்டு நாளு நீ எந்திரிக்கல. டாக்டர்கிட்ட போலாம்னா வரமாட்டேன்ன. நீ தூங்கறப்ப போனத் திறந்து பாத்தேன். நவம்பர்லேர்ந்து வரிசையா இருந்துச்சு. பாத்த ஒடனே புரிஞ்சுபோச்சு.”

“எப்படி அனுப்புவீங்க?”

“லோரிய ஓரமா நிறுத்திட்டு. ஒரு நாளு போர்ட் கேட்டுல மாட்டிக்கிட்டேன், உள்ள போன எடுக்க வுடமாட்டான்.”

“டிகிரி ஏன் போடல?”

“அது எவ்ளோன்னு எனக்கு எப்டித் தெரியும்? அந்த ரூம்ல போய் அவன் சாமானத் தொட்டுப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. பொய் நம்பர் போட மனசும் வரல.”

எவ்வளவு பெரிய பொய் சொன்ன மனுஷன். டிகிரியில் பொய் சொல்ல மனசு வரவில்லையாம். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது. பிடித்துத் தள்ளினேன், தோளில் குத்தினேன். வாங்கிக்கொண்டு நின்றார்.

“பொறந்தநாள் அன்னிக்குக் கேட்டது?”

“நான்தான்.” குரல் இறங்கிவிட்டது. “முதல் நாளு ரெண்டு தடவை கேட்டேன், சாப்புடுன்னு. நீ திரும்பிக்கூடப் பாக்கல. அவன் கேட்டா சாப்புடுவன்னு நெனச்சேன். சாப்ட்டியா?”

நாலு இட்லி. ஐந்தாவதும். தலையாட்டினேன்.

சட்டியிலிருந்து புகை வர ஆரம்பித்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

“நாளைக்கு அனுப்பவா, வேணாமா?” என்றார். லோரி லைசென்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி நின்றுகொண்டு. அந்த ஒரு வரி இல்லாமல் நாளைக்கு அந்த ரயிலில் எப்படி ஏறப்போகிறேன் என்று தெரியவில்லை. நாளைக்கு ஞாயிறு, ஆனாலும்.

“வேணாம்” என்றேன். “இனிமே வாயால கேளுங்க.”

அடுப்பை அணைத்தார். மீனைப் புரட்டிப் பார்த்தார், ஒரு பக்கம் கரி. “இதச் சாப்புடுவியா?” என்றார்.