சிவப்புக் கொடி இறங்காத காலை

அடி நெட்டைச்சி,

போன வாரம் நான் ஆகாயக் கப்பலில் ஏறினேன். சிரிக்காதே. கோலாலம்பூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் உட்கார வைத்தால் என் இடுப்பு விட்டுப்போகும் என்று மகள் பிடிவாதமாக டிக்கெட் எடுத்துவிட்டாள். பினாங்கு வந்துவிட்டது, கடல் தெரிகிறது, பாலம் தெரிகிறது, கப்பல் மட்டும் இறங்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுகிறது. மறுபடியும் அதே கடல், அதே பாலம். பக்கத்து இருக்கைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்தார். என்ன சங்கதி என்று மகளைக் கேட்டேன். கீழே டவரில் இருக்கிறவர் சரி என்று சொன்னால்தான் இறங்க முடியுமாம், முன்னால் வேறு விமானங்கள் காத்திருக்கின்றனவாம். "அதுவரைக்கும் மேலயே சுத்தட்டும்லா, நமக்கு என்ன அவசரம்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். நடு வானத்தில் உட்கார்ந்துகொண்டு உன்னைப் பற்றி அவளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது, சொல். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்கு நேரில் சொல்லக் கிடைக்காத செய்தி ஒன்று இருக்கிறது, அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பரை வாங்க ஆளில்லை. பால் வெட்டு நின்றது. சுங்கை பட்டாணிப் பக்கம் வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடிய ஆகாயக் கப்பல் திடலை ஜப்பான்காரன் அகலப்படுத்த ஆரம்பித்தான், பீடோங் வரைக்கும் உள்ள தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கல் சுமக்க இழுத்தான். நம் தோட்டத்துக் கூலி வீட்டு வரிசையில், லயத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் சாக்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு போனோம். ஆண்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சயாமில் தண்டவாளம் போட ஆள் வேண்டும் என்று, கண்ணில் பட்டவனையெல்லாம் லோரியில் ஏற்றினார்கள். உன் வீட்டுக்காரர் பீடோங் சந்தைக்கு உப்பு வாங்கப் போனவர். உப்பும் வரவில்லை, அவரும் வரவில்லை. கல்யாணமாகித் தலைத் தீபாவளி கூட உங்களுக்கு வரவில்லையே என்று லயமே அழுதது. நீ மட்டும் அழாமல், அவர் பாதி சாப்பிட்டு வைத்த மரவள்ளிக் கிழங்கை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

திடலை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. அதைச் சுற்றியிருந்த வானத்தையும் அவன் எடுத்துக்கொண்டான். கப்பல் இறங்கி வரும் வழியில் நின்ற ரப்பர் மரங்களையெல்லாம் வரிசை வரிசையாக வெட்டிச் சாய்த்தார்கள். கம்பத்து மலாய்ப் பிள்ளைகள் வாவ் பட்டம் விடக் கூடாது. மாடு அந்தப் பக்கம் போகக் கூடாது. பகலில் புகை கூடாது, ராத்திரியில் நெருப்பு வெளிச்சம் கூடாது. விடிவதற்கு முன்னால் தகரத்தை மறைப்பாக வைத்துக்கொண்டு கிழங்கு அவிப்போம், பாதி நாள் அது வேகாது. என் வாய் சும்மா இருக்குமா? மூச்சு விடுவதற்கும் இனி உத்தரவு வாங்கணும் போல என்று ஒருநாள் சத்தமாகச் சொல்லிவிட்டேன். நீ என் தொடையில் கிள்ளிய கிள்ளு கன்றிப்போய்விட்டது.

உன் உயரத்தால்தான் உனக்கு அந்த வேலை வந்தது. திடலுக்குப் பொறுப்பான ஜப்பான்காரன் எந்நேரமும் கழுத்தில் தூரக்கண்ணாடி தொங்கவிட்டிருப்பான், நாம் அவனுக்குக் கண்ணாடிக்காரன் என்று பெயர் வைத்திருந்தோம். கல் கூடையோடு போன வரிசையில் உன் தலை மட்டும் மேலே தெரிய, விரலை நீட்டி உன்னைக் கூப்பிட்டான். திடலின் இந்தக் கோடியில், லயத்திலிருந்து ஆற்றுக்குப் போகும் மண் சடக்கு குறுக்கே வரும் இடத்தில், மூங்கில் பரண் கட்டி உன்னை ஏற்றிவிட்டான். கையில் வெள்ளைக் கொடி ஒன்று, சிவப்புக் கொடி ஒன்று. ஆள், மாடு, பனி எதுவும் இல்லாமல் வழி சுத்தமாக இருந்தால் வெள்ளை. இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு ஏறியிருந்தால் எப்பேர்ப்பட்ட கப்பலும் இறங்கக் கூடாது, மேலேயே சுற்ற வேண்டும். மறு கோடியிலிருந்து கண்ணாடிக்காரன் உன் கொடியைப் பார்த்துத்தான் அவர்களுக்குச் சைகை கொடுப்பான்.

உனக்கு வந்த மிதப்பைப் பார்க்க வேண்டுமே. ரயில் கேட்டை மூடித் திறக்க ஒரு ஆள் நிற்பார் இல்லையா, அதைச் சொல்லி, "வானத்துக்கு நான்தான் கேட்டுக்காரி" என்று லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டாய். நாங்கள் முதுகு ஒடியக் கல் சுமக்கிறோம், இவள் மேலே நின்று கொடி ஆட்டுகிறாள் என்று எனக்குப் பொறாமைதான். ஆனால் நீ பரணிலிருந்து இறங்கியதும் என் கூடையில் பாதியை வாங்கிக்கொள்வாய். வாய்தான் உனக்கு நீளம், மனசு தங்கம்.

அந்த நாட்களில் செத்தவர்களை யாரும் எரிக்க முடியவில்லை. பகலில் புகை வரும், ராத்திரியில் வெளிச்சம் தெரியும், அப்புறம் எப்போது எரிப்பது? எல்லாரையும் புதைத்தார்கள். திடல் வேலைக்காரர்கள் தங்கிய கொட்டகையில் காய்ச்சலில் செத்தவர்களை ஒரே குழியில் சேர்த்துப் போட்டார்கள். அந்தக் குழி வெட்டும் வேலை என் அப்பாவுக்கு. கை கழுவிக்கொண்டு வந்து உட்காருவார், சோற்றைத் தொடமாட்டார். அம்மா செத்த பிறகு என்னைத் தூக்கி வளர்த்த மனிதர், ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை. அவருக்கும் காய்ச்சல் வந்து, கொய்னா மாத்திரைக்கு எங்கேயும் வழியில்லாமல் சுருண்டு படுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஒன்றைக் கேட்டார். "என்னைய அந்தக் குழியில போட்டுடாத தாயி. ஒரு கை நெருப்பு வெச்சிடு, போதும்."

சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வேன்? அவர் மூச்சு அடங்கியது கோழி கூவுகிற நேரத்தில். அண்ணன் சயாமில். கொள்ளி வைக்க ஆளில்லை, வைத்தாலும் புகைக்கு வழியில்லை. தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் தண்டல் வந்து பார்த்துவிட்டு, விடிவதற்குள் புதைத்துவிடலாம், எல்லார் உயிருக்கும் ஆபத்து என்று மெதுவாகச் சொன்னார். நல்ல மனிதர், அவர் சொன்னதில் தப்பில்லை. நான் அப்பா காலடியில் உட்கார்ந்து, முடியாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ வந்தாய். வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், கொடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாய்.

"எங்க வீட்டுக்காரருக்கு யாரு கொள்ளி வெச்சாங்களோ, எந்தக் குழியில கெடக்கறாரோ, எனக்குத் தெரியாது. இவருக்காவது பொகை போகட்டும். நீ கட்டையை அடுக்கு புள்ள, மேல இருக்கறத நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னாய். உன் வீட்டுக்காரர் செத்துவிட்டார் என்று நீ முடிவு கட்டியிருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆற்றோரம், வெட்டிப் போட்ட ரப்பர் கட்டைகள் காய்ந்து கிடந்த இடத்தில் அடுக்கினோம். அன்றைக்கு ஆற்றிலிருந்து பனி கனமாக ஏறியிருந்தது. பொம்பளை கொள்ளி வைப்பதா என்று கேட்கக்கூட அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. நான்தான் வைத்தேன். நெருப்பு பிடித்தது, புகை எழும்பியது, பனியோடு பனியாகக் கலந்தது. மரங்களுக்கு மேலே உன் பரண் தெரிந்தது, அதில் சிவப்பு ஏறியிருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று நானும் நினைத்தேன்.

வெயில் வந்ததும் பனி விலகிவிட்டது. புகை விலகவில்லை. அப்போதுதான் தெற்கேயிருந்து கப்பல் சத்தம் கேட்டது. தாழ வந்தது, சிவப்பைப் பார்த்துவிட்டு மேலே ஏறியது, சுற்றியது, திரும்பவும் வந்தது. மறு கோடியில் விசில் ஊதினார்கள். உன்னை அடித்தே கொன்றுவிடுவார்கள், வெள்ளையை ஏற்று, ஏற்று என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நீ ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் இறங்க வரும் கப்பல் அந்தப் புகைக்குள்தான் நுழையும், அடுத்த நிமிஷம் அவர்கள் எங்களிடம் வந்து நிற்பார்கள். அசையாமல் நின்றாய். கப்பல் இன்னொரு சுற்று சுற்றிவிட்டு அலோர் ஸ்டார் பக்கம் பறந்து போனது. தண்டல் மண்வெட்டியை எடுத்தார். தணலின் மேல் மண்ணை வாரிப் போட்டு மேடாக்கி, புதைத்த இடம் போல ஆக்கிவிட்டோம். அப்பா முழுதாக எரிந்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பால் ஊற்றவும் போகவில்லை, எலும்பு பொறுக்கவும் போகவில்லை.

லோரியில் வந்து இறங்கிய கண்ணாடிக்காரன் உன்னைப் பரணிலிருந்து இழுத்துப் போட்டான். அவனுக்கும் நமக்கும் நடுவில் கொஞ்சம் மலாய்தான் பாஷை. புகையா, பனியா? அசாப்பா, காபுட்டா? நீ காபுட் என்றாய். கொடிக் கம்பாலேயே காதோடு சேர்த்து அடித்தான். மறுபடி கேட்டான். காபுட். பிறகு தண்டலைக் கேட்டான். தண்டல் உன்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, காபுட் என்றார். கல் கூடையோடு நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வந்தான். ஒவ்வொருத்தியும் காபுட், காபுட் என்றாள். எல்லார் தலையிலும் புகை நாற்றம் அடித்தது. கடைசியாக என் முன்னால் வந்து நின்றான். கொள்ளி வைத்த கை, அடுப்புக்கரி போல இருந்தது, அதைச் சாக்குத் துணிக்குள் மறைத்துக்கொண்டு நானும் சொன்னேன்.

அத்தனை பேரையும் அடித்தால் கல் சுமக்க ஆளிருக்காது என்று அவனுக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் உன் மேல் இறக்கினான். ஒரு கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை வெயிலில் நிற்கச் சொன்னான். நாங்கள் உன்னைத் தாண்டித் தாண்டிக் கல் சுமந்தோம். உன் காதிலிருந்து இரத்தம் கழுத்து வழியாக வழிந்து காய்ந்திருந்தது. ஒரு தரம் நான் பக்கத்தில் வந்தபோது, "நல்லா எரிஞ்சிச்சா?" என்று உதடு அசையாமல் கேட்டாய். எரிந்தது என்று சொன்னேன். அதைக் கேட்டு உன் முகம் ஆறிப்போனதே, அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அதன் பிறகு பரணில் ஒரு சிப்பாயை நிறுத்திவிட்டார்கள். உன் காது சீழ் பிடித்தது, காய்ச்சல் விடவே இல்லை. வேப்பிலையும் மஞ்சளும் தவிர என்னிடம் என்ன இருந்தது? ஜப்பான்காரன் தோற்றுப் போவதைக்கூடப் பார்க்காமல் என் மடியில் போய்விட்டாய். உனக்காகக் கொடி பிடிக்க அங்கே யாரும் இல்லை. அன்றைக்குக் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. அப்பாவின் மேட்டுக்குப் பக்கத்தில் உன்னைப் புதைத்தோம். என் அப்பாவின் நெருப்புக்கு வழி விட்டவளுக்கு ஒரு கை நெருப்பு கிடைக்கவில்லையே என்று நான் மண்ணை அடித்துக்கொண்டு அழுதேன். தண்டல்தான் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இப்போது நீ கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, பால் வெட்டு ஆரம்பித்த பிறகு, ஒரு மத்தியானம் லயத்து முனையில் ஒரு ஆள் வந்து நின்றார். எலும்பும் தோலுமாக, காலெல்லாம் புண்ணாக. பிச்சைக்காரர் என்று நினைத்து உள்ளே திரும்பினேன். உன் பெயரைச் சொல்லிக் கேட்டார். அவர்தான் புள்ள. உன் வீட்டுக்காரர்.

என் அண்ணன் வரவில்லை. அவர் வந்தார். மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், எல்லாவற்றையும் சொன்னேன். உன்னை எரிக்க முடியவில்லை, மண்ணில்தான் போட்டோம், மன்னிச்சிடுங்க என்று அவர் காலைப் பிடித்தேன். அவர் என்னைத் தூக்கிவிட்டு வெகுநேரம் அந்த மேட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அங்க நெருப்புக்குப் பஞ்சமே இல்ல தங்கச்சி. வாந்திபேதியில செத்தவங்கள அடுக்கி அடுக்கி எரிச்சோம். யாரு சாம்பல் யாருதுன்னு தெரியாது. தனியா ஒரு குழி, பக்கத்துல அழுவறதுக்கு ஒரு ஆளு. இது கெடைச்சதே, இவ குடுத்து வெச்சவ."

அவர் பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்குப் போனார். வேறு கல்யாணம் கட்டவில்லை. நான்தான் திட்டித் திட்டிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டே போய்விடுவார். வருஷா வருஷம் தீபாவளிக்கு முதல் நாள், செத்தவர்களுக்கு என் வீட்டில் வைக்கும் படையலுக்கு வருவார், உன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவார். வயதாகி அவரும் போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது செம்பனை நட்டுவிட்டார்கள், மேடு இருந்த இடத்தை என்னால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் எந்தக் குழியில் கிடக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேதான் நீ போனாய். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால் ஒவ்வொரு படையலிலும், உன் இலையில் சோறு வைத்ததும் மற்ற எந்தப் பேச்சுக்கும் முன்னால், பிள்ளைகள் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தாலும் நினைக்கட்டும் என்று, சத்தமாகவே சொல்லிவிடுகிறேன்.

"ஒங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு புள்ள. உசுரோட வந்துட்டாரு."